மஞ்சப்பையில் இருந்த சான்றிதழ்கள்

மே மாதம் நீலகிரிக்கு இரண்டு கூட்டம் மலையேறி வரும். ஒன்று ஊட்டி மலர்க் கண்காட்சி பார்க்க வருவது. அந்த நாட்களில் பர்லியாறிலிருந்தே வண்டிகள் நின்று நின்றுதான் நகரும். இன்னொரு கூட்டம் அவ்வளவாக யார் கண்ணிலும் படாது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் வழவழப்பான வண்ணப் புத்தகம், நோட்டில் பிளஸ் டூ பிள்ளைகளின் பெயரும் போன் நம்பரும். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வருகிற ஆசிரியர்கள் அவர்கள். ஹட்டி ஹட்டியாக (படகர் கிராமங்கள்), லைன் லைனாக (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நடந்து கதவைத் தட்டுவார்கள். கேன்வாஸிங் என்று அதற்குப் பெயர்.

நான்கு மே மாதங்கள் நானும் அப்படி வந்தேன். பிறந்து வளர்ந்த கோத்தகிரிக்கே வந்தேன். கல்லூரியில் கணிதத் துறையில் இருந்தேன், ஆளுக்கு ஐந்து அட்மிஷன் என்று கணக்குக் கொடுத்திருந்தார்கள். "நீலகிரி உங்க ஊர்தானே மேடம், உங்களுக்கு ஈஸி" என்று சொல்லி எனக்கு மட்டும் எட்டு.

கல்லூரியை ஒரு தொழிலாக நடத்தலாமா கூடாதா என்ற விவாதம் நம்மிடம் நாற்பது வருடமாக நடக்கிறது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குள் வெகுநாளாக இருக்கும் கேள்வி வேறு. ஒரே மாதிரி கட்டடம், ஒரே பாடத்திட்டம், ஒரே கட்டணம் உள்ள இரண்டு கல்லூரிகளில் ஒன்று ஏன் நிலைக்கிறது, இன்னொன்று ஏன் பதினைந்து வருடத்தில் காலியாகிறது? பணம், நிர்வாகம், விளம்பரம் என்று காரணம் சொல்வார்கள். உள்ளே பதினோரு வருடம் இருந்து பார்த்ததில், பெரும்பகுதி காரணம் அந்த ஊர் ஜனங்களின் பழக்கவழக்கத்திலும் கல்லூரிக்குள் இருக்கிற பழக்கவழக்கத்திலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று எப்படி நடத்துகின்றன என்பதில்தான் எல்லாம்.

எங்கள் லைனிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தாத்தா கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். இலங்கையில் 1948-ல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. தலைமுறையாகத் தேயிலை பறித்த லட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று இரண்டு அரசும் கையெழுத்துப் போட்டன. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, பிறகு நீலகிரிக்கு அனுப்பப்பட்டார் தாத்தா. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில் அந்தக் காகிதங்கள் எல்லாம் பாலிதீன் உறைக்குள் இருக்கும். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, முகாமில் கொடுத்த சீட்டு. மழை ஒழுகினால் பாட்டி முதலில் அந்தப் பெட்டியைத்தான் நகர்த்துவாள், அரிசிப் பானையைப் பிறகு.

காகிதம்தான் எங்களை அந்நியராக்கியது, காகிதம்தான் கப்பலேற்றியது. அதனால் எங்கள் லைன் வீடுகளில் ஒரு டிகிரி சர்டிபிகேட்டுக்கு இருக்கும் அர்த்தம் கீழே சமவெளியில் இருப்பது போன்றதில்லை. எந்த அரசாங்கமும் ரத்து செய்ய முடியாத ஒரே காகிதம் அது. நான் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் கணிதம் முடித்து, மேலே படித்து, பட்டத்தைக் கொண்டுவந்து காட்டியபோது அப்பா படித்துப் பார்க்கவில்லை. கையில் வாங்கி அதன் கனத்தைத்தான் பார்த்தார்.

(அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1955-ல் தொடங்கியது. 1822-ல் ஜான் சல்லிவன் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ், ஊட்டியின் முதல் பங்களா, அந்த வளாகத்தில்தான் நிற்கிறது. கலெக்டர் தனக்காகக் கட்டிய கல்வீட்டருகில் தோட்டத் தொழிலாளியின் மகள் வகைநுண்கணிதம் படிப்பாள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். பேருந்துக் கட்டணத்தைவிடக் குறைவான கட்டணத்தில் படித்தேன். அந்தக் கடன் எனக்கு இன்னும் தீரவில்லை.)

நான் வேலைக்குச் சேர்ந்த பொறியியல் கல்லூரி மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, எங்கள் மலை தூரத்தில் நீலமாகத் தெரிகிற ஓர் இடத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை. 2007-ல் சேர்ந்தேன். நிறுவனர் ஐயா அப்போது உயிரோடு இருந்தார். அவரைப் புனிதர் என்று சொல்ல மாட்டேன், நிர்வாக இடத்துக்கு அவரும் பணம் வாங்கினார். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு அன்று வராத மாணவர்களின் பட்டியல் அவர் மேஜைக்குப் போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் செய்வார். "உங்க பையன் இன்னிக்கு வரலீங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். விடுதிச் சமையலறையில் வாரம் இரண்டு நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். ஆய்வகங்களுக்கு அரசு பாலிடெக்னிக்கில் ஓய்வுபெற்ற மனிதர்களைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். அவர்கள் கடைசல் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்வார்கள்.

அந்தப் போன் அழைப்புகள்தான் அந்தக் கல்லூரியின் விளம்பரம். வேறு விளம்பரம் அவர் செய்ததாக எனக்கு நினைவில்லை.

கோவைப் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்களும் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கினார்கள் என்ற செய்தி அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். 1926-ல் பி.எஸ்.ஜி. அறநிலையம் பிறந்தது அப்படித்தான். அவர்கள் தொடங்கிய தொழிற்பயிலகத்தில் மோட்டாரும் பம்பும் உண்மையாகவே செய்து விற்றார்கள். 1951-ல் பொறியியல் கல்லூரி வந்தபோது பக்கத்திலேயே ஓடுகிற பட்டறை இருந்தது. மில்லும் பவுண்டரியும் பம்பு செட்டும் நிறைந்த ஊருக்கு அந்த ஊரின் வேலையையே சொல்லிக்கொடுத்த கல்லூரி அது. அதனால்தான் வேரோடியது.

1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. அதே ஆண்டில்தான் பழனி மலையில், கொடைக்கானலில், பெண்களுக்கென்று அன்னை தெரசா பல்கலைக்கழகத்தையும் அரசு தொடங்கியது. இந்த இரண்டும் ஒரே ஆண்டு என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மேலே ஒன்று மெதுவாக நடந்தது. கீழே மற்றொன்று ஓடியது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிப் போனது. இந்தியாவிலேயே இவ்வளவு எந்த மாநிலத்தில் என்று ஆச்சரியப்பட்டார்கள். முதலீடு இங்கே மட்டும் இருந்ததா என்ன? தாலியை அடகு வைத்தாவது பிள்ளையைப் படிக்க வைக்கும் பழக்கம் இங்கே ஏற்கெனவே இருந்தது. பள்ளிக்கூடமும் மதிய உணவும் இடஒதுக்கீடும் இரண்டு மூன்று தலைமுறையாக அந்தப் பசியை வளர்த்திருந்தன. பொதுப்பணத்தில் உருவான அந்த ஆசையைத் தனியார் கல்லூரிகள் அறுவடை செய்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. விதைத்தவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

சட்டம் ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கிறது. நம் நாட்டில் கல்லூரியை லாபத்துக்காக நடத்தக் கூடாது. அறக்கட்டளை, சங்கம் என்ற பெயரில்தான் நடத்த வேண்டும். நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாடு 1992-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது என்றது. ஆகவே தொழில் செய்கிறவரும் தர்மம் செய்கிறவர் போலத்தான் நிற்க வேண்டும். கல்லூரிக்கு அம்மா பெயர், குலதெய்வத்தின் பெயர். வாசலில் பிள்ளையார் கோவில். ஆயுத பூஜைக்கு எல்லா பஸ்ஸுக்கும் சந்தனம் குங்குமம். வெளியூர்க்காரர்கள் இதை வேஷம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊருக்கு முன்னால் ஒருவர் தர்மம் என்ற சொல்லைச் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை வைத்தே ஊர் அவரைக் கேள்வி கேட்கலாம். எங்கள் நிறுவனர் ஐயாவை ஒரு தகப்பன் அலுவலக வாசலில் நின்று, "காமாட்சி பேர வச்சுட்டு இப்படிப் பண்ணலாமாங்க?" என்று கேட்டதை நான் பார்த்தேன். தேர்வுக் கட்டணம் கட்டாததால் நிறுத்தி வைத்திருந்த ஹால் டிக்கெட் அரை மணி நேரத்தில் அந்தப் பையன் கைக்கு வந்தது.

லாபம் என்பதை வெளிப்படையாகச் சொல்லி நடத்தும் நாடுகளும் உண்டு. பிலிப்பைன்ஸில் 1928-ல் கணக்கியல் சொல்லித்தரத் தொடங்கி வளர்ந்த ஃபார் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். அங்கே யாரும் அதைப் பெரிய விஷயமாகப் பார்ப்பதில்லை. ஜப்பானில் 2003 வாக்கில் சில சிறப்பு மண்டலங்களில் பங்கு நிறுவனங்களே பல்கலைக்கழகம் நடத்தலாம் என்று அனுமதித்தார்கள். சில வந்தன. அவற்றில் சில மூடப்பட்டன, சில பழையபடி கல்வி அறக்கட்டளை அமைப்புக்கே மாறிக்கொண்டன. தனியார் பல்கலைக்கழகம் அந்த நாட்டுக்குப் புதிதில்லை, பெரும்பாலான மாணவர்கள் அங்கே தனியாரிடம்தான் படிக்கிறார்கள். அந்தத் தனியார் எந்த முகத்தோடு வர வேண்டும் என்பதில் அந்தச் சமூகத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் கதை எனக்கு நெருக்கமானது. ஏனென்றால் அதில் நான் என்னைப் பார்த்தேன். ஜான் ஸ்பெர்லிங் 1976-ல் பீனிக்ஸ் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது அவர் எண்ணம் நல்ல எண்ணம். வேலைக்குப் போகிற பெரியவர்கள் மாலையில் படிக்க இடம் வேண்டும். பழைய பல்கலைக்கழகங்கள் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் அங்கே 4 லட்சத்து 70 ஆயிரம் பேர் படித்தார்கள். பிறகு சரிவு. கொரிந்தியன் என்ற கல்லூரிக் குழுமம் 2015-ல் திவாலானது. ஐ.டி.டி. என்ற இன்னொரு குழுமம் 2016-ல் ஒரே நாளில் கதவைச் சாத்தியது. அமெரிக்க செனட் குழு ஒன்று இப்படிப்பட்ட 30 நிறுவனங்களின் கணக்கைப் பார்த்து 2012-ல் அறிக்கை கொடுத்தது. வருமானத்தில் 22.7 சதவீதம் விளம்பரத்துக்கும் ஆள் பிடிப்பதற்கும் போயிருந்தது. கற்பிப்பதற்குப் போனது 17.2 சதவீதம். மாணவர் சேர்க்கைக்கு 35,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். படித்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்க இருந்தவர்கள் 3,500 பேர்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கல்லூரிகள் மொத்த வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்தியக் கல்வி உதவித்தொகையிலிருந்து வாங்கக் கூடாது என்று விதி. ஆனால் ராணுவ வீரர்களுக்கான உதவிப் பணம் அந்தக் கணக்கில் சேராமல் பல வருடம் இருந்தது. அதனால் போரிலிருந்து திரும்பியவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். அந்த ஓட்டையை 2021-ல்தான் சட்டம் அடைத்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் மலைக்குப் போகும்போது எங்கள் கையிலிருந்த படிவத்தில் பெயருக்கு அடுத்த கட்டம் மதிப்பெண் இல்லை, சாதிச் சான்றிதழ். 2012-க்குப் பிறகு சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டது. முதல் பட்டதாரிகளுக்கும் 2010 முதல் சலுகை இருந்தது. எத்தனையோ பிள்ளைகளை மேலே தூக்கிவிட்ட திட்டங்கள் அவை. எங்கள் நிர்வாகத்துக்கு அவை, அப்பா அம்மா கட்ட முடியாமல் போனாலும் நின்றுபோகாத வருமானம். "லைன்ல முதல்ல அத கேளுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். காயம்பட்ட ஜனங்களுக்கு அரசு போட்ட மருந்தை வைத்து யாரோ கடை நடத்துகிறார்கள். அங்கே போர்வீரன், இங்கே என் சித்தப்பா மகன்.

நிறுவனர் ஐயா 2013-ல் இறந்துவிட்டார். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, வெளிநாட்டில் மேலாண்மை படித்தவர்கள். ஆலோசகர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் வந்த பிறகு சொற்கள் மாறின. "பசங்க" போய் "ஸ்ட்ரெங்த்" வந்தது. "இந்த வருஷம் எத்தனை பேர் சேர்ந்தாங்க" என்பது "எத்தனை அட்மிஷன் போட்டீங்க" என்று ஆனது. ஐந்து மணிப் போன் நின்று, அதற்குப் பதிலாகத் தானாகப் போகிற குறுஞ்செய்தி வந்தது. ஓய்வுபெற்ற ஆய்வக மனிதர்களைச் செலவு என்று அனுப்பிவிட்டார்கள். சேரும்போது எங்களிடம் வாங்கிய அசல் சான்றிதழ்கள் பீரோவில் இருந்தன. வேறு வேலை கிடைத்தாலும் நடுவருடத்தில் போக முடியாது. ஆசிரியரை அப்படிக் கட்டிப் போட்டால் வகுப்பில் நிற்பது உடம்பு மட்டும்தான். பிள்ளைகளுக்கு அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். கல்லூரி காலியாவது அந்தப் பேச்சில்தான் தொடங்குகிறது.

மலையில் அந்தப் பேச்சு எப்படிப் பயணிக்கிறது என்று சொல்ல வேண்டும். படகர் ஹட்டியில் ஒரு வீட்டில் போய்ப் பேசினால் ஒரு வீட்டில் மட்டும் பேசியதாக ஆகாது. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் வெள்ளை முண்டாசு கட்டிய பெரியவர் எங்கள் வண்ணப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "எங்க ஊர்ப் பையன் யாராச்சும் அங்க படிச்சு முடிச்சிருக்கானாம்மா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "முடிச்சா வாங்க" என்று சொல்லி காபி கொடுத்து அனுப்பினார். ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு எந்த ஊரிலிருந்தாலும் எல்லோரும் வந்து சேர்வார்கள். ஒரு பையனுக்குச் சரியில்லை என்றால் அந்தச் சேதி அங்கேயே எல்லா ஊருக்கும் போய்விடும். வரதட்சணை கேட்கும் வழக்கமும் அவர்கள் மரபில் இல்லை. சமவெளியில் "இன்ஜினியர் மாப்பிள்ளை" என்று சொல்லி விற்றது இங்கே விலைபோகவில்லை. சமவெளித் தகப்பன்களுக்கு நாங்கள் விற்றதில் பெரும்பகுதி கண்டிப்பு. பையனுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் படிக்கட்டு, போனுக்குத் தடை, வீட்டு வாசலில் வந்து நிற்கும் பஸ். பெண்ணைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் இடம் என்பதற்காகவே கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் நிறைய. ஒரே கல்லூரி ஒரே வாரத்தில் மூன்று விதமான பண்டமாக விற்கப்பட்டது. நானே விற்றேன்.

மலையே ஒரு பண்டமாக விற்பனையாவது பழைய கதை. லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி 1858-லிருந்து இருக்கிறது. கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1901-ல் தொடங்கியது. வெயில் தாங்காத வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கான குளிரும் காற்றும் பிறகு வசதியான இந்தியக் குடும்பங்களுக்கானதாக மாறின. என் சித்தி ஒரு உறைவிடப் பள்ளியின் சலவைக் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தாள். அந்தப் பிள்ளைகளின் துணியில் தைத்த பெயர்களைப் படித்துத்தான் அவள் ஆங்கில எழுத்து கற்றுக்கொண்டாள். அவள் மகன் நகராட்சிப் பள்ளியில் படித்தான். ஊட்டியில் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி 1980-ல் வந்தது. மைசூர்ப் பக்கத்து சுத்தூர் மடத்தின் கல்வி அமைப்பு நடத்துவது. இந்திய அளவில் முன்வரிசையில் இருக்கிற கல்லூரி. கட்டணம் வாங்குகிறார்கள், தரமும் இருக்கிறது. நூற்றாண்டுகளாகச் சோறும் எழுத்தும் கொடுத்த ஒரு மடத்தின் பழக்கம் அதன் பின்னால் இருக்கிறது. ஆசிரியர்கள் அங்கே வருடக்கணக்கில் தங்குகிறார்கள். எனக்கு இந்த ஒரு விஷயம் போதும்.

சரி, அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். இதை எழுதவே உட்கார்ந்தது அதற்காகத்தான்.

2016 மே. எங்கள் லைனில் நாலாவது வீடு. அத்தை என்று நான் கூப்பிடுகிறவர், உறவு இல்லை, பழக்கம். மகள் பிளஸ் டூவில் 1200-க்கு 900-க்கு மேல் வாங்கியிருந்தாள். அந்த வீட்டுத் திண்ணையில்தான் நான் சின்ன வயதில் வாய்ப்பாடு படித்தேன். அத்தை தேநீர் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாப்பா, படிச்சு முடிச்சா சர்டிபிகேட்ட கையில குடுத்துருவாங்களா?"

வேலை கிடைக்குமா என்று கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு வரும் என்றும் கேட்கவில்லை. காகிதம் கைக்கு வருமா என்று கேட்டார். என் சான்றிதழ்கள் அப்போது கல்லூரி பீரோவில் பூட்டியிருந்தன. "கண்டிப்பா குடுப்பாங்க அத்தை, நான் இருக்கேன்ல" என்றேன்.

அந்தப் பெண் சேர்ந்தாள். லைனில் என்னை அக்கா என்று கூப்பிட்டவள் கல்லூரியில் மேடம் என்றாள். முதல் வருடம் வகுப்பில் 38 பேர். மூன்றாம் வருடம் 21 பேர். எங்களுக்கு நான்கு மாதம் சம்பளம் வரவில்லை. அரசு உதவித்தொகை வரத் தாமதமானபோது, அது வரும்வரை நீங்களே கட்டுங்கள் என்று பிள்ளைகளை நெருக்கினார்கள். 2019-ல் கல்லூரி மூடப்பட்டது. மாணவர்களை வேறொரு கல்லூரிக்கு மாற்றினார்கள். அது திருச்செங்கோட்டைத் தாண்டி இருந்தது. அவள் இரண்டு மாதம் போனாள். விடுதிக்குப் பணம் இல்லை, புது இடத்தில் யாரும் தெரியாது. நின்றுவிட்டாள். அவளுடைய பத்தாவது, பன்னிரண்டாவது அசல் சான்றிதழ்கள் வர மேலும் ஒன்றரை வருடம் ஆனது. நானும் அவளும் சேர்ந்து அந்தப் பூட்டிய கேட்டுக்கு ஏழு முறை போனோம். கடைசியில் என் சான்றிதழும் அவள் சான்றிதழும் ஒரே நாளில் கிடைத்தன. காவலாளி ஒரு சாக்கு மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூலையில் கரையான்.

அவள் இப்போது கோவையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பண்டிகைக்கு வந்தால் வீட்டுக்கு வந்து அக்கா என்று கூப்பிடுகிறாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் மலைக்கே திரும்பிவிட்டேன். கோத்தகிரி டானிங்டன் பக்கம் ஒரு அறை எடுத்துக் கணிதம் சொல்லித் தருகிறேன். மே, ஜூன் வந்தால் பிள்ளைகள் கவுன்சிலிங்குக்கு என்னிடம் வருகிறார்கள். 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். அதற்கு முன்னால் அப்பாவும் பிள்ளையும் சென்னைக்கு ரயிலேறி, அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்து இடம் எடுப்பார்கள். அலைச்சல்தான். ஆனால் அந்த வரிசையில் நிற்கும்போது நாலு பேரிடம் விசாரித்துவிடுவார்கள். இப்போது பிரௌசிங் சென்டரில் யாரோ ஒருவர் விருப்பப் பட்டியலைப் பூர்த்தி செய்து கொடுக்கிறார். எந்தக் கல்லூரி அவருக்குக் காசு கொடுத்தது என்று யாருக்குத் தெரியும்.

அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் விஷயம், போய்ப் பாருங்கள் என்பதுதான். சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மெயின் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். கடைசி வருடப் பிள்ளைகள் டீ குடிக்கிற இடத்தில் போய் நில்லுங்கள். ஆய்வக உதவியாளரிடம் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தேர்ச்சி விகிதத்தை அச்சடிக்கலாம், வேலை கிடைத்தவர்களின் போட்டோவை பிளெக்ஸில் போடலாம். ஒரு மனிதர் ஓர் இடத்தில் விரும்பி இருபது வருடம் இருந்தார் என்பதை அச்சடிக்க முடியாது. தோட்டத்தில் இது எங்களுக்குத் தெரியும். கத்தரி போட்டு வெட்டினால் இந்த வாரம் எடை கூடும். செடியின் தலையைப் பார்த்துக் கையால் கிள்ளுகிறவருக்கு அடுத்த சுற்றும் இலை வரும்.

இந்த வருடம் அதே அத்தை வந்தார். கடைக்குட்டிப் பையன் பிளஸ் டூ முடித்திருந்தான். மெக்கானிக்கல் வேண்டுமாம். அத்தை கையில் மஞ்சப்பை, அதற்குள் பாலிதீன் உறை, அதற்குள் சான்றிதழ்கள். "நீயே சொல்லு பாப்பா" என்றார். என்னிடமே கேட்கிறாரே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. நான் சொல்ல மாட்டேன் அத்தை, நாம மூணு பேரும் போய்ப் பார்க்கலாம் என்றேன்.

விடியற்காலை பஸ்ஸில் மலையிறங்கினோம். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் முழுக்க அத்தை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, மஞ்சப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கோவைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. பெரிய கட்டடம் இல்லை. கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக மெக்கானிக்கல் பட்டறைக்குப் போனோம். நீல மேல்சட்டை போட்ட ஒரு பெரியவர் கடைசல் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையே கேட்டுவிட்டார்.

"ஐயா, நீங்க இங்க எத்தன வருசமா இருக்கீங்க?"

அவர் துணியை இயந்திரத்தின் மேல் போட்டுவிட்டு விரலை மடக்கி எண்ணினார். "வர ஆவணி வந்தா இருபத்திரண்டுங்க" என்றார். பிறகு பையனைப் பார்த்து, "ஏந் தம்பி, இதுல கை வச்சிருக்கியா?" என்று கேட்டு, அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

அத்தை மஞ்சப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, பார்ப்பதற்காக அவர்கள் அருகில் போனார்.